கிரிப் சுற்றிய கதை

பேட்மிண்டன் மட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதன் தலையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மரச்சட்டம் போய் எஃகுத் தண்டு வந்தது, அலுமினியம் வந்தது, பிறகு கார்பன் வந்தது, ஆட்டுக்குடல் கட் போய் நைலான் வந்தது என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கைப்பிடியில் சுற்றியிருக்கும் பட்டையைப் பற்றி யாராவது ஒரு பத்திக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. ஆடுகிறவன் ஆட்டம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது அதை மட்டும்தான். கம்பெனி செய்து கொடுத்த மட்டையில், கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தன் கைக்குத் தக்கபடி அவன் மாற்றிக்கொள்ளக்கூடியதும் அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, அதன் சரித்திரம் கம்பெனிக்காரர்களின் புத்தகங்களில் அதிகம் இல்லை. சுற்றியவர்களின் கையோடு இருந்து, கையோடு போய்விட்டது. எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

ஆட்டம் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் குழந்தைகளும் சீமாட்டிகளும் தோல் போர்த்திய சின்ன மட்டையால் இறகுப்பந்தைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மட்டைக்கு வேர்வைக் கவலையே கிடையாது. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் நடுவில் வலையைக் கட்டி அதைப் போட்டியாக்கினார்கள். 1873 வாக்கில் பூனாவில் விதிகள் எழுதப்பட்டன. சில காலம் அந்த ஆட்டத்துக்கே 'பூனா' என்றுதான் பெயர். பேட்மிண்டன் என்ற பெயர் இங்கிலாந்தில் பியூஃபோர்ட் கோமகனின் மாளிகைப் பெயர். 1893-ல் அங்கே சங்கம் அமைத்தார்கள். 1899-ல் ஆல் இங்கிலாந்து போட்டி தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் தேசத்தில் விதி எழுதப்பட்ட ஆட்டம், குளிர் தேசத்தின் கூடங்களுக்குள் போய் வளர்ந்தது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆடுகிறார்கள். மட்டையின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் மரம். எட்டுப் பட்டையாகச் சீவி, வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகப் பள்ளம் இழுத்திருப்பார்கள். அந்த ஊருக்கு அது போதும். தோல் பட்டையை ஒட்டிச் சுற்றுவது பிறகுதான் பரவியது. 1934-ல் சர்வதேச சம்மேளனம் உருவானபோது அதன் முதல் உறுப்பினர்கள் ஒன்பது பேர்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், கனடா, நியூசிலாந்து. இதில் வேர்வை ஊற்றுகிற நாடு ஒன்றாவது இருக்கிறதா?

பதினைந்து வருஷத்தில் கதை தலைகீழானது. நாடுகளுக்கிடையிலான தாமஸ் கோப்பையின் முதல் இறுதி ஆட்டம் 1949-ல் இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்தில் நடந்தது. டென்மார்க்கை 8-1 என்று மலாயா சாத்தியது. அடுத்த இரண்டு முறையும் மலாயாதான். 1958-ல் இந்தோனேஷியா பிடுங்கிக்கொண்டது. ஆல் இங்கிலாந்து ஒற்றையரில் 1950 முதல் 1957 வரை எட்டு வருஷமும் இரண்டே பேர், வோங் பெங் சூன், எட்டி சூங். இருவரும் மலாயாக்காரர்கள். ஆட்டத்தின் மையம் வேர்வைக்குள் வந்துவிட்டது. வழவழப்பான தோல் பட்டை இந்த ஊர்களுக்குத் தாக்குப்பிடிக்குமா?

தோலின் குணம் அப்படி. காய்ந்திருக்கும்போது கைக்கு இதமாக இருக்கும். உள்ளங்கை ஈரம் பட்டதும் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஊறிவிட்டால் சோப்புக்கட்டிதான். மறுநாள் காய்ந்து விறைத்துப்போய், கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் பளபளவென்று கறுத்திருக்கும். வெப்ப நாடுகளில் ஆடியவர்கள் துண்டுத் துணிக்குப் போனது இதனால்தான். டர்க்கி டவல் துணியைப் பட்டையாகக் கிழித்துத் தோலுக்கு மேலேயே சுற்றிவிடுவார்கள். பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த என் சித்தப்பா 1964-ல் ஊருக்கு வந்தபோது ஒரு மட்டை கொண்டுவந்தார். கைப்பிடியில் பூப்போட்ட குளியல் துண்டு சுற்றி, ஓரம் ஊசி நூலால் தைத்திருந்தது. சீமை மட்டைக்கு இப்படி ஒரு கோவணமா என்று வீட்டில் சிரித்தார்கள். இன்று பெரிய கம்பெனிகளே டவல் கிரிப் என்று உறையில் போட்டு விற்கின்றன. அதன் மேல் தூவிக்கொள்ளத் தனியாகப் பொடியும் விற்கிறார்கள். டென்னிஸில் இவான் லெண்டில் கால்சட்டைப் பையில் மரத்தூள் வைத்துக்கொண்டு ஆடியது நினைவிருக்கலாம். எல்லாம் ஒரே நோய்க்கு வெவ்வேறு வைத்தியம்.

எங்கள் பள்ளிக்கூட வைத்தியம் இன்னும் மலிவு. தஞ்சை ஜில்லாவில் அப்போது ஷட்டில் என்பது அதிகாரிகள் ஆடுவது. பையன்களுக்குப் பால் பேட்மிண்டன், அதாவது மஞ்சள் கம்பளிப் பந்து ஆட்டம். இன்றைய பள்ளி விளையாட்டுப் பட்டியலில் 'பூப்பந்து' என்று இருப்பது இது. ஷட்டிலை 'இறகுப்பந்து' என்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத செய்தியாளர் குறைவு. கம்பளிப் பந்து ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் ஆடப்பட்டது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமை. காற்றடித்தாலும் கம்பளிப் பந்து பறந்துபோகாது, கூடம் வேண்டாம், மண் தரை போதும். ஐந்து பேர் ஒரு பக்கம். மட்டை 165-லிருந்து 185 கிராம் வரை இருக்கும். இன்றைய ஷட்டில் மட்டையைப் போல இரண்டு மடங்கு. அதற்கு நாங்கள் சுற்றியது சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய டியூபை அரை அங்குலப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, முனையைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுவோம். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. ஆனால் அரை மணியில் உள்ளங்கை வெந்து தோல் உரியும். உரிந்தால் மைதானத்து மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

1970-ல் வேலை கிடைத்து ஒரு மாவட்டத் தலைநகருக்குப் போனேன். அங்கே வெள்ளைக்காரன் காலத்து கிளப் ஒன்று இருந்தது. எங்கள் அலுவலகத்துக்காரர்கள் மாதச் சந்தா கட்டி மாலையில் ஷட்டில் ஆட அனுமதி உண்டு. அங்கேதான் கிரிப் சுற்றுவது ஒரு தொழில் என்பதைப் பார்த்தேன்.

இந்த மாதிரி கிளப்புகளில் மார்க்கர் என்று ஒரு ஊழியர் இருப்பார். பெயருக்குப் புள்ளி குறிப்பவர். உண்மையில் கோடு போடுவதிலிருந்து வலை கட்டுவது, கட் பின்னுவது, ஆள் குறைந்தால் நான்காவது ஆளாக நிற்பதுவரை எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் கிளப் மார்க்கருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். செருப்புத் தைக்கும் குடும்பம். பந்து பொறுக்கும் பையனாக உள்ளே வந்தவர். நாட்டு விடுதலைக்குப் பிறகு சியால்கோட்டிலிருந்து ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் குடிபெயர்ந்த விளையாட்டுச் சாமான் தொழில்தான் நம் நாட்டு மட்டைத் தேவையில் பெரும்பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வரும் மட்டையில் கம்பெனி ஒட்டி அனுப்பிய தோல் பட்டை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிரிந்து தொங்கியதும் மார்க்கரிடம் கொடுப்போம்.

அவர் செய்யும் முறையைப் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் பழைய பட்டையைப் பிரித்து, கட்டையில் ஒட்டியிருக்கும் பழைய பசையை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். பிறகு உப்புத்தாள். எட்டுப் பட்டையின் விளிம்பும் மழுங்காமல் தேய்க்க வேண்டும். அதில் அவருக்குக் கண்டிப்பு அதிகம். விளிம்பு மழுங்கினால் மட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது, கண்ணால் பார்க்க வேண்டிவரும், பார்ப்பதற்குள் பந்து விழுந்துவிடும் என்பார். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கக் கட்டைவிரலை அகலப் பட்டையில் தட்டையாக வைத்துத் தள்ளுகிறோமே, அதற்கும் அந்த விளிம்புதான் அடையாளம்.

தோல் பட்டையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஊறியதும் ஆணியில் மாட்டி இழுத்து, நிழலில் காயவிடுவார். காய்ந்த பட்டையின் இரண்டு ஓரத்தையும் தோல் சீவும் கத்தியால் கரையோரம் மட்டும் மெலிதாக்குவார். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது மேடு தட்டாமல் இருக்க இது. தொடங்கும் முனையை வாழைத்தார் நுனி போலக் கூராகச் சரித்து வெட்டி, கைப்பிடியின் அடியில் ஒரு சின்ன ஆணியால் அறைவார். சைக்கிள் கடை சொல்யூஷனை மெலிதாகத் தடவி, அது பாதி காயும்வரை ஒரு பீடி. அதன் பிறகுதான் சுற்று. பட்டையை இடது கை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கை மட்டையை உருட்டும். நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறு. சுற்றுகிறது மட்டை, பட்டை நேராக வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தினதன் மேல் ஒரு நெல் அகலம் ஏறும். ஏறுவது கூடினால் கைப்பிடி தடித்துப்போகும். குறைந்தால் இடைவெளி விட்டு, விரல் மாட்டும்.

வலக்கைக்காரருக்கு ஒரு திசை, இடக்கைக்காரருக்கு எதிர்த் திசை. அடிக்கும் நேரத்தில் விரல்கள் இறுகி ஒரு பக்கமாக முறுக்குகின்றன. அந்த முறுக்கு பட்டையை இறுக்க வேண்டும், ஓரத்தைக் கிளப்பக் கூடாது. எங்களில் ஒரே ஒரு இடக்கைக்காரர் தாசில்தார். அவர் மட்டையைப் பொட்டு வைத்த மாதிரி தனியாக அடுக்கி வைத்திருப்பார் மார்க்கர்.

முடிவில் பட்டையைச் சாய்வாக வெட்டி, மேலே மெழுகு தேய்த்த நூலால் கட்டு. இந்தக் கட்டில் முடிச்சே கிடையாது. நூலை ஒரு வளையமாக மடித்துக் கைப்பிடியோடு படுக்க வைத்து, அதன் மேலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று நெருக்கமாகச் சுற்றி, முனையை வளையத்துக்குள் நுழைத்து, மறுமுனையைப் பிடித்து ஒரே இழுப்பு. வளையம் சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு முனையையும் ஒட்ட நறுக்கிவிடுவார். கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி நூல் பிரிந்தாலும் இதே கட்டுதான். முடிச்சு போட்டால் என்றாவது ஒருநாள் விரலைக் கிழிக்கும் என்பது அவர் கணக்கு.

ஒவ்வொருவர் கையும் அவருக்குத் தெரியும். யாருக்குக் கை ஊறும், யாருக்கு வறட்சி, யார் அடியில் பிடிப்பார், யார் மேலே ஏற்றிப் பிடிப்பார் என்று. கை ஊறுகிறவர்களுக்குத் தோலை உள்பக்கம் வெளியே வருமாறு, சொரசொரப்பான பக்கம் கையில் படும்படி சுற்றுவார். மாவட்ட அதிகாரி ஒருவருக்கு அடியில் மட்டும் உள்ளே ஒரு துணிப் பட்டை கொடுத்து மேடாக்கியிருந்தார். மட்டை நழுவி ஒருமுறை எதிரே நின்றவர் புருவத்தைக் கிழித்த பிறகு செய்தது அது. மட்டை நழுவுவது எவ்வளவு பழைய பிரச்சினை என்பதற்கு இன்றைய சர்வதேச விதியே சாட்சி. மட்டையில் வேறு எதையும் ஒட்டக் கூடாது என்று சொல்லும் விதி, அனுமதிக்கும் சிலவற்றில் ஒன்றாக, கைப்பிடியை ஆட்டக்காரர் கையோடு கட்டும் கயிற்றையும் சேர்த்திருக்கிறது.

இனி எழுதப்போவதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தோல் வேலை என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று தெரியும். என் பாட்டி கடைசிவரை மட்டையைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. குடலும் தோலும் சேர்ந்த சாமான் அது அவளுக்கு. கிளப்பில் திண்ணை இல்லை, ஆனால் தம்ளர் இருந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அங்கத்தினர்களுக்கு வெண்கலத் தம்ளர்கள். மார்க்கருக்கு ஜன்னல் விளிம்பில் ஓர் அலுமினியத் தம்ளர். யாரும் உத்தரவு போட்டு வைத்ததில்லை, யாரும் எடுத்ததும் இல்லை. நடுவில் ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிட்டு ஆடுவார்கள். அருமையாக ஆடுவார். ஆண்டுப் போட்டிக்கு அவர் பெயரைச் சேர்க்க 1974-ல் இரண்டு மூன்று பேர் எழுதிக் கொடுத்தோம். ஊழியர் அங்கத்தினர் ஆக முடியாது, அங்கத்தினர் அல்லாதவர் போட்டியில் ஆட முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் தொட்ட தம்ளரைத் தொடாதவர்கள் அவர் எச்சில் தொட்டு நூல் முறுக்கிச் சுற்றிய கைப்பிடியை மாலை முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை மற்றவர்கள் முன்னால் 'சார்' என்பார். யாரும் இல்லாதபோது 'தம்பி'. கிரிப்புக்கு இரண்டு ரூபாய் வாங்குவார். தோல் அவருடையது.

மட்டை மாறிக்கொண்டிருந்தது. ஜப்பானில் மீன்வலைக்கு மரமிதவை செய்துகொண்டிருந்த மினோரு யோனெயாமா, பிளாஸ்டிக் மிதவை வந்து வியாபாரம் படுத்ததும் 1957-ல் மட்டை செய்ய இறங்கினார். 1961-லிருந்து சொந்தப் பெயரில் விற்றார். இன்றைய யோனெக்ஸ் அதுதான். 1960-களின் இறுதியில் அலுமினியம், 1970-களின் இறுதியில் கார்பன் என்று எடை இறங்கிக்கொண்டே வந்தது. 1980-ல் பிரகாஷ் படுகோன் லியம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று ஜெயித்து ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கினார். பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழகியவர், முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது. அந்த ஜெயிப்புக்குப் பிறகு சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்களிடம் எல்லாரும் மட்டை கேட்க ஆரம்பித்தார்கள்.

மட்டை இளைக்க இளைக்க, சுற்றும் பட்டைக்கு மதிப்பு கூடியது என்பது என் கருத்து. மர மட்டை 120, 130 கிராம் இருக்கும். அதில் ஒரு துணிச் சுற்று கூடினால் கைக்குத் தெரியாது. இன்றைய மட்டையில் 4யூ என்று போட்டிருந்தால் 80-லிருந்து 84 கிராம்தான். மருமகள் கேக் செய்ய வாங்கிய தராசில் மெல்லிய மேல்சுற்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிராம் சொச்சம் காட்டியது. இரண்டு சுற்று சுற்றினால் மட்டையின் எடையில் எட்டில் ஒரு பங்கு கைப்பக்கம் வந்துவிடுகிறது, தலை லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். டவல் சுற்றினால், அதுவும் வேர்வை குடித்த டவலானால், இன்னும் கூடுதல். கைப்பிடியும் தடிக்கும். இப்போதைய பிள்ளைகள் விரலாலேயே சுண்டி அடிப்பதால் மெல்லிய கைப்பிடியை விரும்புகிறார்கள். கம்பெனிப் பட்டையைப் பிரித்து எறிந்துவிட்டு, கட்டையின் மேல் நேராக மெல்லிய சுற்றைச் சுற்றுகிறவர்களும் உண்டு. அந்த மெல்லிய பட்டை பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தடிமன், ஓர் அங்குல அகலம், நாலு அடி நீளம். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். இழுத்துச் சுற்றிக் கடைசியில் வண்ண டேப் ஒட்டினால் முடிந்தது. எவரும் ஐந்து நிமிஷத்தில் செய்யலாம் என்பதுதான் அதன் வியாபாரமே.

எங்கள் கிளப்புக்கு அது 1983 வாக்கில் வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் டஜன் கணக்கில் கொண்டுவந்து பங்கு போட்டார். மார்க்கர் அதை வாங்கி விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "இது தோல் இல்லியே சார்" என்றார். ஆனால் சுற்றுவதில் அவருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. கூர் முனை அடியில், நெல் அகல ஏற்றம், இடக்கைக்கு எதிர்த் திசை என்று எல்லாம் அதேதான். தோல் கேட்பவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுபோனார்கள். கூலி இரண்டு ரூபாயிலிருந்து ஒரு ரூபாய்க்கு இறங்கியது, பொருள் அவருடையது இல்லையே. சிலர் வீட்டிலேயே சுற்றிக்கொண்டு வந்து, பிரிந்ததும் அவரிடம் நீட்டினார்கள். உறையோடு வரும் டேப்பில் மட்டும் அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு வாரத்தில் நழுவி இறங்கிவிடும். நூல் கட்டிக் கொடுத்தால், வெளிநாட்டுச் சாமானின் அழகே போச்சு என்று அங்கத்தினர்கள் குறைப்பட்டார்கள். அதனால் முதலில் மெழுகு நூலால் முடிச்சில்லாத அந்தக் கட்டைப் போட்டு, அதை மறைத்து மேலே அவர்களுடைய வண்ண டேப்பை ஒட்டிக் கொடுப்பார்.